மேலருந்து காட்டுண்ணே

ரபாயேலின் பிரேதம் முன்காம்பராவில் கிடந்தது. அவருடைய ஒரே மகன் ஜெயகாந்த் குசினியில் உட்கார்ந்து ட்ரோனுக்குக் கை பூட்டிக்கொண்டிருந்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு பலகைத் தட்டியும் ஒரு பழைய சேலைத் திரையும்தான். அந்தப் பக்கம் ஜெபமாலை ஓடியது. இந்தப் பக்கம் ஸ்குரூவில் எலன் கீ திரும்பியது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இரத்தோட்டைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தின் ஆறு லயத்து வீட்டு வரிசையிலும் காலையிலிருந்து இதே பேச்சுத்தான். செத்தவருக்கு எழுபத்திரண்டு வயது, தூக்கத்திலேயே போய்விட்டார், நல்ல சாவு, அதில் பேச ஒன்றுமில்லை. மகனைப் பற்றிப் பேச நிறைய இருந்தது. செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அப்பாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பெட்டி தருகிற மலர்ச்சாலைக்கும் ஃபாதருக்கும் போன் போட்டு, வெள்ளைக்கொடி கட்ட ஆள் பிடித்து, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டான். ஆனால் அழவில்லை. ஒரு சொட்டு? இல்லை. இன்று வியாழக்கிழமை ஆகிறது, இன்னும் இல்லை.

அவனுக்கு அழக்கூடாது என்று வைராக்கியம் எதுவும் கிடையாது. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். இரத்தோட்டை டவுனில் பத்து வருசமாக வீடியோக் கடை வைத்திருக்கிறான். கல்யாணம், சாமத்தியச் சடங்கு, சாவு, எதற்குக் கூப்பிட்டாலும் போவான். தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப்பேர் வெளிநாட்டில். பெற்றவர் செத்தால் அவர்கள் போனில் பார்த்துத்தான் அழவேண்டும். ஆகவே இருநூறு சாவு வீடாவது பார்த்திருப்பான். அழுகிற ஆளின் தோளைத் தொட்டு, "அக்கா, கொஞ்சம் அங்கிட்டு நில்லுங்க, மொகத்துல நெழல் விழுது" என்று சொல்லிப் பழகிய மனுசன். சொந்த அப்பா கிடக்கும்போதும் அவனுக்கு முதலில் தோன்றியது, தலைக்கு நேர்மேலே இருக்கிற ட்யூப்லைட் முகத்தைப் பச்சையாகக் காட்டுகிறது என்பதுதான். அப்படித் தோன்றியதற்காக அவன் வெட்கப்படவும் இல்லை. வெட்கமும் வரவில்லை.

மேசையில் ட்ரோன் பிரிந்து கிடந்தது. கடையில் வாங்கியதில்லை, அவனே கட்டியது. போன ஞாயிற்றுக்கிழமை உக்குவளையில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை காரை விட்டு இறங்குவதை எடுக்கப்போய், தென்னை மட்டையில் மோதி விழுந்துவிட்டது. முன்கை இரண்டும் முறிந்தன. மோட்டார் நான்கும் தப்பித்தன. புதுக் கைகளுக்குத் திங்கட்கிழமையே கொழும்புக்குச் சொல்லியிருந்தான். பார்சல் இன்று காலைதான் பஸ்ஸில் வந்தது. சாவு வீட்டுக்கு மாலை வரும், பார்சலும் வருமா என்று லயத்து ஆட்கள் வாயைப் பிளந்தார்கள்.

அதை இன்றைக்கே பூட்டியாக வேண்டும், மூன்று மணிக்குள். காரணம் ஷியாமளா.

ஷியாமளா அவனுடைய ஒரே தங்கச்சி. குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள், நாலு வருசமாகிறது. இரண்டு வருசத்துக்கு முன்னால் அம்மா செத்தபோதும் அவளை விடவில்லை, இப்போதும் விடவில்லை. அம்மாவின் சாவன்று அடைமழை. அண்ணன் கமராவோடு கூட்டத்துக்குள் நடந்தான், அவள் அங்கேயிருந்து பார்த்தாள். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு அவள் சொன்ன ஒரே வார்த்தை அவனுக்கு இன்னும் மறக்கவில்லை. "நான் அம்மாவப் பார்க்கலண்ணே. கொடையத்தான் பார்த்தேன்."

செவ்வாய்க்கிழமை அவன் செய்தியைச் சொன்னபோது அவள் கத்தவில்லை. எசமானி வீட்டில் கத்த முடியாது. வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள்.

"மொகத்தக் காட்ட வேணாம், என்னால பார்க்க ஏலாது. அப்பாவத் தூக்கிட்டுப் போற வழியக் காட்டு. நம்ம லயத்துலருந்து சவக்காலை வரைக்கும். மேலருந்து காட்டுண்ணே. யாரும் மறைக்க மாட்டாங்கல்ல?"

"மறைக்க மாட்டாங்க. காட்டுறேன்."

வியாழக்கிழமை எசமானி அவளுக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருந்தாள். நம்ம ஊர் மூன்று மணி, அங்கே பன்னிரண்டரை. பெட்டி வீட்டை விட்டு இறங்குவதும் மூன்று மணிக்குத்தான். அவளுக்குக் கொடுத்த வாக்கு ஒன்றுதான் அவனிடம் மிச்சமிருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

முதலில் அடித்தட்டைத் துடைத்து மேசையில் வைத்தான். பழைய பின்கைகள் கறுப்பு, புதிய முன்கைகள் சிவப்பு. வானத்தில் எது முன், எது பின் என்று தெரிய வேண்டுமே, அதற்குத்தான் நிறம். சிவப்புக் கையின் அடிக்காலை இரண்டு தட்டுக்கும் நடுவே செருகி, துளையோடு துளை சேர்த்து, ஸ்குரூவின் நுனியில் நீலப் பசையை ஒரு பொட்டு வைத்து முறுக்கினான். அந்தப் பசை இல்லாவிட்டால் நான்கு மோட்டாரும் அதிர்கிற அதிர்ச்சியில் ஸ்குரூ தானாகக் கழன்றுவிடும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக்கூடாது. இங்கே அரைச் சுற்று, எதிர்மூலையில் அரைச் சுற்று, இப்படி மாற்றி மாற்றி. இல்லாவிட்டால் கை ஒருபக்கம் சரிந்து உட்காரும். விரல்கள் இதையெல்லாம் தாமாகச் செய்தன. அவனுக்கு அது நிம்மதியாக இருந்தது. நிம்மதி என்றுகூடச் சொல்ல முடியாது, ஒன்றும் இல்லாமல் இருந்தது.

திரையை விலக்கிக்கொண்டு அத்தை அந்தோனியம்மா வந்தாள். செத்தவரின் தங்கை. இரண்டு நாள் ஒப்பாரியில் தொண்டை கட்டிப்போயிருந்தது, ஆனாலும் ஏசுவதற்கு மட்டும் குரல் மிச்சம் வைத்திருந்தாள்.

"ஏன்டா, சாவு வீட்டுல ஆணி முறுக்குறது பொட்டி மூடுறப்ப மட்டுந்தான்டா. இது என்னடா பழக்கம்?"

"ஷியாமளாவுக்குத்தான் அத்தே."

"அவளுக்குக் காட்டு, வேணாங்கல. தலமாட்டுல யார் புடிக்கிறது? அதச் சொல்லு மொதல்ல."

ஜெயகாந்த் மோட்டாரின் வயர்களை ஒழுங்குபடுத்திக்கொண்டே சொன்னான். "கிறிஸ்டியன் புடிக்கட்டும். நான் மடுவத்து மேட்டுல நின்னு இத ஓட்டணும்."

கிறிஸ்டியன் அவனுடைய சித்தப்பா மகன். நல்ல பையன், நல்ல தோள். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் தலைமாட்டில் இடதுபக்கம் மூத்த மகன் பிடிக்க வேண்டும் என்பது அந்தத் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அத்தை மேசைக்குக் கிட்ட வந்தாள்.

"ஊரான் அப்பனையெல்லாம் தூக்குன மனுசன்டா எங்கண்ணன். எந்த லயத்துல சாவு விழுந்தாலும் மொத தோளு அவருதுதான். அவரத் தூக்க அவரு புள்ள இல்லியா?"

"இது வேற யாருக்கும் ஓட்டத் தெரியாது அத்தே."

"கல்லுடா நீ," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அடுத்த நிமிடம் திரைக்கு அந்தப் பக்கம் அவளுடைய ஒப்பாரி கேட்டது. அதில் அவனுடைய பெயரும் வந்தது. அவன் இரண்டாவது கையை எடுத்துச் செருகினான்.

அவள் சொன்னதில் பாதி உண்மை என்று அவனுக்குத் தெரியும். ஓட்ட வேறு ஆள் இல்லை என்பது சரிதான். ஆனால் ஆள் இருந்திருந்தாலும் அவன் வேறு ஏதாவது சாக்குத் தேடியிருப்பான். அந்தப் பெட்டிக்குக் கீழே போய் நிற்கப் பயமாக இருந்தது. அங்கே நின்றும் ஒன்றும் வராவிட்டால்? அப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டும் ட்யூப்லைட்டைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தால்? மேட்டில் நிற்பவனை அப்படி யாரும் கேட்க மாட்டார்கள். வேலை செய்கிறவன் அழத் தேவையில்லை.

ஒன்றரை மணிக்கு ரிஸ்வி வந்தான். டவுனில் போன் திருத்துகிற கடைக்காரன், ஜெயகாந்தின் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. ஈயம் பற்றவைக்கிற கருவியை ஷொப்பிங் பேக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். முதலில் முன்காம்பராவுக்குப் போய், பெட்டிக்குப் பக்கத்தில் தலைகுனிந்து நின்றுவிட்டு, பிறகுதான் குசினிக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. ரபாயேல் கையால் எத்தனையோ நாள் தேத்தண்ணி வாங்கிக் குடித்தவன். ஊரார் பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது, பாருங்கள்.

"எவ்வளவு முடிஞ்சிரிக்கி மச்சான்?"

"மோட்டார் வச்சாச்சு. வயர்தான்."

ரிஸ்வி உட்கார்ந்து ஈயத்தைச் சூடாக்கினான். ஒரு மோட்டாருக்கு மூன்று வயர். பக்கத்துப் பக்கத்து மோட்டார்கள் எதிரெதிராகச் சுற்ற வேண்டும், முன்னால் இடது மோட்டார் வலப்பக்கம் சுற்றினால் முன்னால் வலது மோட்டார் இடப்பக்கம். ஒன்று மாறிப்போனாலும் ட்ரோன் எழும்பின உடனே குப்புற விழும். மாறியிருந்தால் மூன்று வயரில் இரண்டை இடம் மாற்றிப் பற்றவைத்தால் போதும், திசை திரும்பிவிடும். இது இரண்டு பேருக்கும் மனப்பாடம்.

இரண்டாவது மோட்டாரைத் தொட்டதும் ரிஸ்வி நின்றான். விரலால் மோட்டாரை மெதுவாகச் சுற்றிவிட்டுக் காதைக் கிட்டக் கொண்டுபோனான்.

"மச்சான், இதுல என்ன ஸ்குரூ போட்ட?"

"பழசுதான்."

"பழசு எட்டு மில்லிடா. புதுக் கை மெலிசு. இதுக்கு ஆறு மில்லிதான் போடணும்."

ஜெயகாந்த் பார்த்தான். உண்மைதான். கை மெலிந்துவிட்டதால் ஸ்குரூ இரண்டு மில்லிமீற்றர் அதிகமாக உள்ளே ஏறி, மோட்டாருக்குள் இருக்கிற செப்புக் கம்பிச் சுருளைத் தொட்டுக்கொண்டிருந்தது. இப்படியே பற்றரியைக் கொடுத்திருந்தால் மோட்டார் புகைந்து போயிருக்கும். நேற்றுப் படித்துவிட்டு இன்று கட்டுகிற பையன்கள் செய்கிற பிழை. கை மெலிசா தடிப்பா என்று பார்க்காமல் அவன் ஒருநாளும் ஸ்குரூவைத் தொட்டதில்லை. மோட்டாருக்கு நாலாக எட்டு ஸ்குரூவும் அப்படியே முறுக்கியிருந்தான். முறுக்கியது நினைவிலேயே இல்லை.

"நீ கொஞ்சம் உள்ள போய் உக்காரு. நான் மாத்துறேன்," என்றான் ரிஸ்வி.

"இல்ல. நானே மாத்துறேன்."

எட்டையும் கழற்றினான். பின்வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். கம்பியின் மேல்பூச்சில் லேசான கீறல், அறுபடவில்லை. பார்சலோடு வந்த பையைக் கொட்டி, ஆறு மில்லி ஸ்குரூவாகப் பொறுக்கி எடுத்து மறுபடி நீலப் பசை, மறுபடி அரைச் சுற்று. இரண்டேகால் ஆகிவிட்டது. விசிறி மாட்டாமல் பற்றரியைக் கொடுத்துப் பார்த்தபோது நான்கும் சுற்றின. இடது, வலது, இடது, வலது, எல்லாம் சரி. ரிஸ்வி பெருமூச்சு விட்டான். ஜெயகாந்த் மணியைப் பார்த்தான்.

அப்போதுதான் மலர்ச்சாலை ஆள் சந்திரகாந்தா திரைக்குள் தலையை நீட்டினார். பெட்டி மூட நேரமாகிவிட்டது, மூடியின் ஒரு ஸ்குரூ ஏறமாட்டேன் என்கிறது, அவருடைய கருவிப் பையை வேனில் விட்டுவிட்டு வந்திருக்கிறார், வேனோ கீழே ரோட்டில் நிற்கிறது.

"மல்லி, ஸ்குரூ ட்ரைவர் எகக் தியெனவத?" என்றார் சிங்களத்தில், தம்பி, ஸ்குரூ ட்ரைவர் ஒன்று இருக்கிறதா என்று.

"ஸ்டாரா, ஃப்ளாட்டா?" என்று ஜெயகாந்த் கேட்டான்.

அந்த மனுசன் ஒரு கணம் விழித்தார். எத்தனையோ சாவு வீட்டில் எத்தனையோ மகன்மாரைப் பார்த்தவர், இப்படி ஒருவனைப் பார்த்ததில்லை போலும். "ஸ்டார்," என்றார். ஜெயகாந்த் மேசையில் இருந்த ஐந்தில் பொருத்தமானதைத் தேடி, துணியால் துடைத்து, பிடிப் பக்கம் அவரிடம் வருமாறு நீட்டினான்.

கடைசி முத்தத்துக்கு அவனைக் கூப்பிட்டார்கள். போனான். குனிந்து நெற்றியில் வாய் வைத்தான். குளிர்ந்திருந்தது, மருந்து மணத்தது. அத்தை கதறினாள், கிறிஸ்டியன் சுவரில் சாய்ந்து தேம்பினான். எள் போட்டால் எள் விழாத அந்த அறையில் ஈரமில்லாத கண் இவனுடையது மட்டும்தான். மூடி இறங்கியது. நான்கு ஸ்குரூவும் ஏறின. அவன் நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல், ட்ரோனை எடுத்துக்கொண்டு ரிஸ்வியோடு பின்வாசலால் மேட்டுக்கு ஏறினான்.

மடுவத்து மேடு என்பது கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்குப் பக்கத்தில் இருக்கிற திடல். அங்கிருந்து லயமும் பாதையும் தெரியும். பாதை லயத்திலிருந்து இறங்கி, தண்ணீர் விழுகிற பீலியைத் தாண்டி, மேட்டுக்கு நேர்கீழே வளைந்து, சவுக்கு மரங்களுக்குப் பின்னால் சவக்காலைக்குப் போகும். வானம் மூடியிருந்தாலும் மழை இல்லை. ரிஸ்வியின் போனில் ஷியாமளா வந்துவிட்டாள். ட்ரோன் காட்டுவது அவளுக்கு அப்படியே போனது.

விசிறிகளை மாட்டிப் பூட்டி, தள்ளி நின்று இயக்கினான். நான்கு கையும் நடுங்கி, அடங்கி, நேராக எழும்பின. லயத்துத் தகரக் கூரைகள் திரையில் சிறுத்தன. வெள்ளைக்கொடிகளுக்கு நடுவே பெட்டி வெளியே வந்தது.

"தெரியுதா?"

"தெரியுதுண்ணே. நம்ம வாசல் தெரியுது." அவள் குரல் குழைந்திருந்தது. "பீலி தெரியுது. சின்னதுல நம்மள விட்டுட்டுப் போற பிள்ளக்காம்பராத் தகரம் மாத்திட்டாங்களா?"

"போன வருசம் மாத்துனாங்க."

"அப்பா சொல்லவேயில்ல."

அவன் குச்சியை மயிரிழை அளவில் நகர்த்தி, பெட்டி திரையின் நடுவிலேயே இருக்கும்படி கூட்டிக்கொண்டு போனான். ஒரு குடை இல்லை, ஒரு முதுகு மறைக்கவில்லை. இத்தனை வருசத்தில் அவன் எடுத்த படங்களில் இதுதான் சுத்தமான படம். அப்படித்தான் அவனுக்குத் தோன்றியது.

"தலமாட்டுல எடது பக்கம் நீல சேர்ட்டு, அது நீதானே?"

"இல்ல. கிறிஸ்டியன்."

"வலது பக்கம்?"

"செல்லையா மாமா."

"அப்ப நீ எங்க இருக்க?"

"மடுவத்து மேட்டுல. இத ஓட்டணுமே."

ஷியாமளா பேசினாள். கோபமாக இல்லை, குற்றம் சொல்லவும் இல்லை. அரிசி தீர்ந்துபோச்சா என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"அப்ப அப்பாவுக்கு நம்ம ரெண்டு பேருமே இல்லியாண்ணே?"

ஜெயகாந்தின் கட்டைவிரல் குச்சியின் மேல் நின்றுவிட்டது. ட்ரோன் இருந்த இடத்திலேயே நின்றது. பெட்டி மெதுவாகத் திரையின் ஓரத்தை நோக்கி நகர்ந்தது. நாலு வருசமாக வர வழியில்லாமல் அங்கே ஒருத்தி நிற்கிறாள். இங்கே, ஐம்பது அடி தூரத்தில், வந்தும் வராமல் ஒருவன் நிற்கிறான்.

"நான் போனா இது இந்த எடத்துலயே நிக்கும்," என்றான். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. "வளைவு வரைக்குந்தான் தெரியும். சவக்காலையக் காட்ட ஏலாது. மண்ணு போடுறத நீ பார்க்க மாட்ட."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவளுக்கு அது சின்ன விசயமில்லை என்று அவனுக்குத் தெரியும். அம்மாவுடையதையும் பார்க்காதவள் அவள்.

"போண்ணே," என்றாள். "எனக்கும் சேத்துத் தூக்கு."

ரிமோட்டை ரிஸ்வியின் கையில் திணித்தான். "ரெண்டு குச்சியையும் தொடாத. பற்றரி எறங்குனா தானா இங்க வந்து எறங்கிடும்."

"போடா," என்றான் ரிஸ்வி. "நான் பார்த்துக்கிறேன்."

தேயிலைக்கு நடுவே பாதை என்று ஒன்று கிடையாது. வெட்டிவிட்ட மிலாறுக் குச்சி காலைக் கிழித்தது, ஒரு செருப்பு எங்கோ போயிற்று. அவன் பாதையில் வந்து விழுந்தபோது பெட்டி வளைவுக்கு வந்திருந்தது. பெட்டியை இறக்காமல் தோள் மாற்றுவது அந்தத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த வேலை. கிறிஸ்டியன் அவனைக் கண்டதும் அரை அடி பின்னால் நகர்ந்தான். ஜெயகாந்த் குனிந்து உள்ளே நுழைந்து, தலைமாட்டில் இடதுபக்கம் தோளைக் கொடுத்தான்.

பெட்டியின் விளிம்பு எலும்பில் வந்து உட்கார்ந்தது. அப்பா இவ்வளவு கனமா? சாப்பாட்டுக்குத் தட்டைக் கழுவிக்கூடக் கொடுக்கச் சொல்லாத மனுசன், யாருக்கும் பாரமாக இருக்கமாட்டேன் என்று அறுபது வயது வரை தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டின மனுசன். அந்தக் கனம் தோளில் இறங்கி நெஞ்சுக்குள் போயிற்று. பிறகு தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மாடு கத்துகிற மாதிரி அசிங்கமான சத்தம். அது தன்னுடையது என்று அவனுக்கே கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

"மெதுவா மாப்புள, மெதுவா," என்றார் வலதுபக்கம் செல்லையா. "அழு. நடந்துகிட்டே அழு."

தலைக்கு மேலே ட்ரோனின் இரைச்சல் கேட்டது. அது நின்ற இடத்தில் நின்றது. இன்னும் பத்து எட்டு வைத்தால் அதன் பார்வையிலிருந்து எல்லோரும் போய்விடுவார்கள். மேலேயிருந்து பார்த்தால் மனுசர் எல்லோரும் வெறும் தலைதான், யார் யார் என்று தெரியாது. ஜெயகாந்த் நடந்துகொண்டே கழுத்தை வளைத்து, நனைந்த முகத்தை மேலே தூக்கினான்.

பின்னால் வந்தவர்கள் அவன் ஆண்டவரைப் பார்த்து அழுகிறான் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அவன் தங்கச்சிக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தான்.